தொழிலாளரின் யோசனைகளைக் கேட்டுச் செயலாக்குவது எப்படி: சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களுக்கான முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் உள்ளவை போன்ற, முப்பது முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும் தொழிற்கூடங்களை நடத்துவோருக்கும், அங்கே உற்பத்தியையும் மனிதவளத்தையும் பார்த்துக்கொள்வோருக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொழிலாளரிடம் யோசனை கேட்கப் புதிதாகத் தொடங்குவோரில் பெரும்பாலோர் முதல் வேலையாகக் கேன்டீன் வாசலில் ஓர் ஆலோசனைப் பெட்டியை மாட்டுகிறார்கள். முதல் இரண்டு வாரம் சீட்டுகள் விழுகின்றன. யாரும் பதில் சொல்லாததால் அடுத்த மாதம் பெட்டி காலியாகிவிடுகிறது. பிறகு "நம் ஆட்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை" என்று நிர்வாகம் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவு முற்றிலும் தவறானது. ஒரே இயந்திரத்தின் முன் ஆண்டுக்கணக்கில் நிற்பவருக்கு அதன் குறை தெரியும். பெரும்பாலும் அதற்கான வழியும் தெரியும். சொல்லியும் பதில் வராததால்தான் அவர் சொல்வதை நிறுத்தியிருக்கிறார்.

ஆகவே இவ்வழிகாட்டியில் வரிசை தலைகீழாக இருக்கும். பதில் சொல்லும் ஏற்பாடு முதலிலும், யோசனை கேட்பது அதற்குப் பின்னரும் வரும்.

## தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நிலுவைக் கணக்கு தீர்ந்திருக்க வேண்டும். ஓவர்டைம் பணம் பாக்கி, பி.எஃப். கணக்கில் குழப்பம், கழிவறையில் தண்ணீர் இல்லை என்பவை போன்ற குறைகள் திறந்திருக்கும்வரை, நீங்கள் எதைக் கேட்டாலும் அவைதான் பதிலாக வரும். வர வேண்டியதும் அவைதான். அவற்றைத் தனியாகப் பட்டியலிட்டு, முடிந்தவற்றை முடித்து, முடியாதவற்றுக்குத் தேதி சொல்லிவிட்ட பிறகே அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, வேலை போகாது என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. நான்கு பேர் செய்யும் வேலையை மூன்று பேர் செய்ய ஒருவர் வழி சொன்னால், அந்த நான்காவது ஆள் வேறு பணிக்கு மாற்றப்படுவாரே தவிர, வீட்டுக்கு அனுப்பப்பட மாட்டார் என்று முதலாளி கையொப்பமிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும் என்பதை அதே தாளில் எழுத வேண்டும். இந்த உறுதியைத் தர முடியாத நிலையில் உள்ள நிறுவனம் இப்போதைக்கு இதைத் தொடங்காமல் இருப்பதே நேர்மை.

மூன்றாவது, சிறு தொகை. மாதம் ஐயாயிரமோ பத்தாயிரமோ, உங்கள் அளவுக்குத் தக்கபடி ஒதுக்கி, அதில் ஒரு யோசனைக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவிடும் உரிமையை உற்பத்திப் பொறுப்பாளருக்குக் கொடுங்கள். இருநூறு ரூபாய்த் தகரத் துண்டுக்கு மூன்று கையொப்பம் தேவைப்படும் இடத்தில் எந்த யோசனையும் சோதனை வரை போகாது.

## 1. பதில் சொல்லும் ஆளை முதலில் நியமியுங்கள்

ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். குழு அமைத்தால், குழு கூடும் நாள் தள்ளிப்போகும். அந்தத் தாமதமே ஒரு மறுப்பாகத் தொழிலாளரைச் சென்றடையும். பொறுப்பாளர் இயந்திரங்களை அறிந்தவராகவும், ஷிஃப்டு நேரத்தில் இயந்திரங்களுக்கிடையே நடமாடுபவராகவும் இருக்க வேண்டும். மனிதவளத் துறையினர் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் "இந்த டை அச்சில் இதைச் செய்ய முடியுமா" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல அவர்களால் இயலாது.

அவருடைய வாரத்தில் இதற்கென இரண்டு மணி நேரத்தை முதலாளியே ஒதுக்கித் தர வேண்டும். இருக்கும் வேலையோடு சேர்த்து இதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அனுப்ப வேண்டிய ஆர்டர் நெருக்கும் முதல் வாரத்திலேயே இது கைவிடப்படும்.

## 2. மேற்பார்வையாளர்களிடம் தனியாகப் பேசுங்கள்

புதியவர்கள் தாண்டிச் செல்லும் படி இது. தொழிலாளி சொல்லும் ஒவ்வொரு யோசனையும், இத்தனை நாள் அதைக் கவனிக்காமல் விட்டதாகத் தம்மீது விழும் குற்றச்சாட்டாக ஷிஃப்டு சூப்பர்வைசருக்குத் தோன்றும். அவர் வாயால் எதிர்க்க மாட்டார். "அதெல்லாம் அப்பவே பார்த்தாச்சுப்பா, போய் வேலையப் பாரு" என்ற ஒரு வரி போதும்; அந்த லைனிலிருந்து இனி எதுவும் வராது.

இதற்கு அறிவுரையால் பயனில்லை. அவருடைய கணக்கை மாற்ற வேண்டும். அவர் பிரிவிலிருந்து வந்து நிறைவேறிய யோசனைகளை அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் அவருக்கான நற்புள்ளியாகச் சேருங்கள். பழைய குறைகளுக்காக யாரையும் பின்னோக்கி விசாரிப்பதில்லை என்று அவர்களுக்கும் வாக்குக் கொடுங்கள். சோதனை நடக்கும் நாளில் உற்பத்தி இலக்கு சற்றுக் குறைந்தால் அது அவர் தலையில் விழாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உண்மையில் அவர்களுடைய பெரிய அச்சம் இதுதான்.

## 3. கேள்வியைச் சுருக்குங்கள்

"நிறுவனத்தை மேம்படுத்த உங்கள் ஆலோசனை என்ன?" என்று கேட்டால் "ஏ.சி. போடலாம்", "சம்பளம் கூட்டலாம்" என்று வரும், அல்லது எதுவும் வராது. கேள்வி அகன்றிருந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மனம் நின்றுவிடுகிறது.

ஒரு மாதத்துக்கு ஓர் இடம், ஒரு தொல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "மூன்றாம் லைனில் மூடி சாய்ந்து விழுவது ஏன்? எப்படித் தடுக்கலாம்?" என்பது நல்ல கேள்வி. "பட்டறையில் கடைந்து வைத்த பாகங்கள் ஞாயிறு தாண்டினால் துருப்பிடிக்கின்றன, என்ன செய்யலாம்?" என்பதும் நல்ல கேள்வி, கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேரும் நம் கரையோரத்தில் இதற்குப் பதில் சொல்ல அனுபவமுள்ள கைகள் நிறைய இருக்கின்றன.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது கழிவு, மறுவேலை, முதுகுவலி என்ற மூன்றையும் பாருங்கள். தூக்கிச் சுமப்பதையும் குனிவதையும் குறைக்கும் கேள்வியுடன் தொடங்கினால், பயன் முதலில் தொழிலாளருக்கே போய்ச் சேரும். நம்பிக்கை விரைவில் வரும்.

## 4. கேட்கும் முறையைச் சரிசெய்யுங்கள்

எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, தோன்றியதைச் சொல்லச் சொல்வதுதான் பலரும் அறிந்த முறை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதைச் சோதித்தது. தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒன்றாக அமர்ந்து பேசிய நால்வருடையவற்றைவிட எண்ணிக்கை அதிகமாக இருந்தது. 1987இல் டீல், ஸ்ட்ரோப என்ற இரு ஆய்வாளர்கள் இதன் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள், அந்தக் காத்திருப்பில் யோசனை நழுவிவிடுகிறது.

நம் தொழிற்கூடங்களில் இதோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. மூத்த ஆபரேட்டர் ஒன்று சொன்ன பிறகு, இளையவர் அதற்கு மாறாக வாய் திறப்பதில்லை. மேலாளர் பேசிவிட்டால் கூட்டம் அத்தோடு முடிந்தது. ஆகவே கீழ்க்கண்ட வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

முதலில் தொல்லை இருக்கும் இயந்திரத்தின் அருகிலேயே ஐந்தாறு பேரை நிறுத்தி, அதை ஓட்டிக் காட்டுங்கள். கூட்ட அறையில் மறந்துபோகும் விவரங்கள் அங்கே கண்ணெதிரே இருக்கும். பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதட்டும், அல்லது வரையட்டும். எழுதத் தயங்குபவர் பக்கத்தில் ஒருவர் நின்று, அவர் சொல்வதைச் சொன்னபடியே குறித்துக்கொள்ளட்டும். அடுத்து, பணியில் இளையவர் தொடங்கி மூத்தவர் வரை வரிசையாகப் படிக்கட்டும். எல்லாம் படித்து முடியும்வரை "சரிவராது" என்ற சொல்லை எவரும், குறிப்பாக நீங்கள், சொல்லக் கூடாது.

மொழியையும் கவனியுங்கள். பேக்கிங்கிலும் லோடிங்கிலும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். தமிழில் மட்டும் நடக்கும் கூட்டத்தில் அவர்கள் நின்றுவிட்டுப் போவார்கள். அவர்களிலேயே தமிழ் பழகிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் போதும்.

பெண்கள் அதிகமுள்ள பிரிவில் கூட்டத்தை ஷிஃப்டு முடிந்த பின் வைக்காதீர்கள். பாகூருக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நிற்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல எதுவுமில்லை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, இருபது நிமிடம் கொடுங்கள்.

## 5. ஏழு நாட்களுக்குள் பதில் சொல்லுங்கள்

இந்த முழு ஏற்பாட்டில் எதையாவது ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். யோசனை நிறைவேறுவதைவிட, அது கேட்கப்பட்டது என்று தெரிவதே அடுத்த யோசனையைக் கொண்டுவருகிறது.

கணினியில் பதிவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொழிலாளர் பார்வையில் இருக்க வேண்டியது ஒரு வெள்ளைப் பலகை. அதில் நான்கு கட்டங்கள் போதும்: வந்தது, சோதனையில், நடைமுறைக்கு வந்தது, இப்போதைக்கு இல்லை. ஒவ்வொரு வரியிலும் சொன்னவரின் பெயரும் தேதியும் இருக்கட்டும். பெயர் போட விரும்பாதவருக்கு அந்த உரிமை உண்டு.

நான்காவது கட்டத்தை நிரப்புவதில்தான் திறமை வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்பது பதில் ஆகாது. காரணத்தைச் சொன்னவரிடம் நேரில் சொல்லுங்கள். பலகையில் இருப்பது அதன் சுருக்கமாக இருக்கட்டும். "கன்வேயரை உயர்த்தினால் குனிய வேண்டாம் என்று சொன்னீர்கள், உண்மைதான், ஆனால் அடுத்த இயந்திரத்தின் வாய் அதே உயரத்தில் இருப்பதால் இரண்டையும் மாற்ற வேண்டும், இந்த ஆண்டு அதற்குப் பணம் இல்லை, நிற்கும் இடத்தில் பள்ளமாக்க முடியுமா என்று பார்க்கலாமா?" என்று கேட்டால், அவர் அடுத்த யோசனையோடு வருவார். மறுப்பின் காரணம் அவருடைய அடுத்த முயற்சிக்கான மூலப்பொருள்.

## 6. சிறிதாகச் சோதித்துப் பாருங்கள்

நல்ல யோசனை ஒன்று கிடைத்ததும் தொழிற்கூடம் முழுவதும் உடனே மாற்றிவிடுவது அடுத்த பெரிய பிழை. முழுதாக மாற்றிவிட்டால், பலன் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. வராவிட்டால், யோசனை சொன்னவர் எல்லோர் முன்னும் குன்றிப்போவார்.

திரவப் பொருள்களை அடைக்கும் ஓர் ஆலையின் பேக்கிங் பகுதியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டிய டேப் மறுநாளே வாய் பிளந்துவிடும். மட்டமான டேப் என்று சப்ளையரை மாற்றிப் பார்த்தார்கள், சரியாகவில்லை. பேக்கிங்கில் இருந்த ஓர் அம்மாவிடம் பொறுப்பாளர் கேட்டார்: "அக்கா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" அவர் சொன்னது: "டேப்புல ஒண்ணும் இல்ல சார். பெட்டிய செவுத்தோரமா தரையில அடுக்குறோம்ல, ஈரம் ஏறிடுது. தொட்டுப் பாருங்க, அடிப்பெட்டி சில்லுனு இருக்கும்."

சோதனை இப்படி அமைந்தது. வந்த பெட்டிக் கட்டுகளில் பாதி வழக்கம்போல் சுவரோரம் தரையில் அடுக்கப்பட்டன. மீதிப் பாதி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மரப் பலகைத் தட்டுகளின் மேல், ஷட்டர் வழியாகச் சாரல் அடிக்காத பக்கத்தில் அடுக்கப்பட்டன. இரண்டாம் வகைப் பெட்டிகளின் அடி மடிப்பில் சாக்பீஸால் ஒரு கோடு. டேப், அதை ஒட்டும் ஆட்கள், இயந்திரம் எதுவும் மாறவில்லை. மழை வாரம் முழுவதும், வாய் பிளந்த பெட்டிகளைத் திரும்ப ஒட்டும்போது கோடு உள்ளதா இல்லையா என்று மட்டும் குறித்தார்கள்.

கோடுள்ள பெட்டிகள் மிகக் குறைவாகவே திரும்பி வந்தன. ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. அந்த மிச்சத்தைத் துருவியபோது, அவை எல்லாம் மழை நாளில் லாரியில் வந்து இறங்கிய ஒரே லோடைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. தார்ப்பாய் ஓரம் சரியாக மூடப்படாமல் வழியிலேயே நனைந்திருந்தன. பெட்டி சப்ளையரிடம் மழைக் காலத்தில் ஒவ்வொரு பெட்டிக் கட்டையும் பாலித்தீன் சுற்றி அனுப்பச் சொன்னது அடுத்த சோதனையாயிற்று. மொத்தமாக மாற்றியிருந்தால் இந்த இரண்டாம் காரணம் கண்ணில் பட்டிருக்காது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதிகள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பழைய முறையையும் பக்கத்திலேயே ஓடவிடுங்கள், எதை எண்ணப் போகிறோம் என்பதைத் தொடங்குமுன் எழுதிவையுங்கள், எப்போது நிறுத்துவோம் என்ற தேதியையும் குறியுங்கள். யோசனை சொன்னவரைச் சோதனையின்போது அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை மெயின்டனன்ஸ் ஃபிட்டர் வேறு மாதிரி புரிந்துகொண்டு செய்துவிட்டு, "பார்த்தோம், சரிவரல" என்று முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

## 7. தொடக் கூடாத எல்லைகளை முன்பே அறிவியுங்கள்

வேலையை வேகப்படுத்தும் யோசனைகளில் சில, இயந்திரத்தின் பாதுகாப்புக் காப்பைக் கழற்றுவதையோ, கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரை ஏமாற்றுவதையோ உள்ளடக்கியிருக்கும். இவற்றைச் சோதனைக்குக்கூட எடுக்கக் கூடாது. இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் இறங்கும் பிரஸ்ஸில் ஒரு பட்டனைக் கட்டிப் போடுவது விரலை இழப்பதற்கான ஏற்பாடு.

மின்சார இணைப்பு, கரைப்பான்கள், அழுத்தக் கலன்கள் தொடர்பான எந்த மாற்றமும் தகுதியுள்ளவரின் ஒப்புதலின்றி நடக்கக் கூடாது. மருந்துத் தயாரிப்பில், நல்ல உற்பத்தி முறைகளை வகுக்கும் அட்டவணை எம் (Schedule M) விதிகளின்படி மாற்றங்களுக்குத் தனிப் பதிவும் ஒப்புதலும் வேண்டும். வாகன உதிரிபாகம் செய்வோர் வாடிக்கையாளரின் அனுமதி பெற வேண்டியிருக்கும். இந்தப் பட்டியலைப் பலகையின் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால், ஒருவர் உற்சாகத்தோடு வந்து ஏமாற்றத்தோடு திரும்ப நேராது.

## 8. வெற்றி பெற்றதை நடைமுறையாக்குங்கள்

பகல் ஷிஃப்டில் சரியாக நடந்த மாற்றம் இரவு ஷிஃப்டில் பழையபடி ஆகிவிடும். காரணம் எளிது: அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சோதனை வென்ற வாரத்திலேயே வேலை முறைத் தாளைத் திருத்தி, பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதியதை இயந்திரத்தின் அருகில் படத்தோடு ஒட்டுங்கள். மற்ற ஷிஃப்டுகளுக்கு யோசனை சொன்னவரையே விளக்கச் சொல்லுங்கள். பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்சர் போன்ற துணைக்கருவிகள் செய்திருந்தால் அதன் அளவுகளை வரைந்து வையுங்கள். உடைந்தால் மறுபடி செய்ய அது ஒன்றுதான் வழி.

## 9. பணமும் பாராட்டும்

மிச்சமான தொகையில் இத்தனை விழுக்காடு என்று அறிவிப்பது கவர்ச்சியாகத் தோன்றும். நடைமுறையில் அது கணக்குச் சண்டையில் முடிகிறது: மிச்சம் எவ்வளவு, யார் முதலில் சொன்னது, ஃபிட்டருக்குப் பங்கு உண்டா என்ற கேள்விகள் நட்பையும் கெடுத்துவிடும். யோசனையை மறைத்துவைத்துக்கொள்ளும் பழக்கமும் அதிலிருந்தே வருகிறது.

நிறைவேறிய ஒவ்வொரு யோசனைக்கும் ஒரே அளவான சிறு தொகை, சொன்னவருக்கும் செய்து தந்தவருக்கும் தனித்தனியே, அந்த மாதச் சம்பளத்தோடு போய்விட வேண்டும் என்பதே என் கருத்து. மிகப் பெரிய மிச்சம் தந்தவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சிறப்புத் தொகை தரலாம். ஆயுத பூஜை அன்று இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து எல்லோரும் கூடியிருக்கும் வேளை இதற்கு ஏற்றது. குடும்பத்தாரும் வருவதால் பாராட்டு வீடு வரை போகும். நிறைவேறாத யோசனை சொன்னவர்களின் பெயர்களையும் அன்று வாசியுங்கள்.

## 10. கண்டுபிடிப்பு என்று தோன்றினால் வாயை மூடிக்கொள்ளுங்கள்

எப்போதாவது, முன்பு எங்கும் இல்லாத ஒரு கருவியோ முறையோ உருவாகும். அதைப் பெருமையோடு வாட்ஸ்அப்பில் காணொளியாகப் பகிர்ந்துவிட்டால், பொதுவெளியில் வந்துவிட்டது என்ற காரணத்தால் காப்புரிமை கிடைக்காமல் போகலாம். முதலில் விண்ணப்பம், பிறகு பகிர்வு.

புதுச்சேரியும் தமிழ்நாடும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. விண்ணப்பத்தை இணையவழியிலேயே தரலாம். கண்டுபிடிப்பை முதற்கட்டமாக விளக்கும் தற்காலிக விவரக்குறிப்போடு தொடங்கினால், 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனங்களுக்குக் கட்டணம் குறைவு. கிடைத்தால் காப்புரிமை 20 ஆண்டுகளுக்கு நிற்கும்.

கண்டுபிடிப்பாளர் பெயராகத் தொழிலாளியின் பெயரைத்தான் எழுத வேண்டும். சம்பளம் கொடுப்பதால் மட்டும் உரிமை தானாக நிறுவனத்துக்கு வந்துவிடும் என்று நம் காப்புரிமைச் சட்டம் சொல்லவில்லை. ஆகவே நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பிக்க அவருடைய எழுத்துப்பூர்வமான உரிமை மாற்றம் தேவை. அந்தப் பத்திரத்தை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் எழுதி, அதன் பிறகு கையொப்பம் வாங்குங்கள்.

## 11. மாதந்தோறும் எதை எண்ணுவது

வந்த யோசனைகளின் எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள். "ஆளுக்கு மாதம் இரண்டு" என்று இலக்கு வைத்த இடங்களில் கடைசி நாளன்று, ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதிய தாள்கள் குவிகின்றன. அவற்றைப் படிக்கும் நேரத்தில் உண்மையான ஒன்று தவறிப்போகிறது.

மூன்றை மட்டும் எண்ணுங்கள்: ஏழு நாட்களுக்குள் பதில் பெற்றவை எத்தனை, சோதனைக்குப் போனவை எத்தனை, மூன்று மாதம் கழித்தும் நடைமுறையில் நிற்பவை எத்தனை. மூன்றும் நிர்வாகத்தின் வேலையை அளப்பவை என்பதைக் கவனியுங்கள்.

யோசனைகள் வருவது நின்றுவிட்டால் போஸ்டர் ஒட்டிப் பயனில்லை. பலகையில் பதிலின்றிக் கிடக்கும் பழைய வரிகளைப் பாருங்கள். பிறகு எந்த லைனில் முதலில் நின்றது, எந்த வாரத்தில் நின்றது என்று பார்த்து, அந்த வாரத்தில் அங்கே யாருக்கு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒருவர் சொன்ன யோசனைக்காகத் திட்டு வாங்கியிருப்பார், அல்லது அவர் யோசனை வேறொருவர் பெயரில் போயிருக்கும். பெயரை அதே பலகையில், எல்லோரும் பார்க்க, திருத்தி எழுதுங்கள். திட்டியவரை அவரிடம் நேரில் பேச வையுங்கள். அது முடிந்த பிறகே அந்த லைனில் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.